இருக்கிறேன் என்று கத்திய கிளி

காட்டோரக் குளம் ஒன்றின் கரையில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. அதில் பச்சைக்கிளிக் கூட்டம் குடியிருந்தது. அந்த மரத்தில் எத்தனை கிளி என்று எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. எண்ணுவது கிடக்கட்டும், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. இலையும் பச்சை, கிளியும் பச்சை. அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் கிளையில் இருக்கும் கிளிக்கே அடையாளம் தெரியாது.

பார்க்கத்தான் முடியாது, கேட்கலாம். குளத்துக்கு அக்கரை வரைக்கும் நன்றாகவே கேட்கலாம். தொல்லை ஆரம்பித்தது அங்கேதான்.

அந்த மரத்தின் தண்டில் ஒரு பொந்து. அதில் வடிவு என்ற பெண்கிளி குஞ்சு பொரித்திருந்தாள். மூன்று குஞ்சுகள். உடம்பில் ஒரு இறகு கிடையாது. கண்ணும் திறக்கவில்லை. வாயைத் திறக்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாம் அப்பனைக் கொண்டு பிறந்திருக்கின்றன என்று வடிவு நினைத்துக்கொள்வாள்.

பொந்துக்குக் கதவா இருக்கிறது? வடிவு தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தில் குஞ்சுகளுக்குக் காவல் என்று யாரும் இல்லை. அந்தப் பொந்து எங்கே இருக்கிறது என்று எந்தத் திருடனுக்கும் தெரியாது. அது ஒன்றுதான் காவல்.

அந்த ஒரு காவலையும் அவள் வீட்டுக்காரன் சிங்காரம் நாள்தோறும் குலைத்துக்கொண்டிருந்தான்.

சிங்காரம் கெட்டவன் இல்லை. அத்திப்பழம் பழுத்த இடம், சோளம் பால் பிடித்த இடம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இரை தேடிக் கொண்டுவருவதில் ஒரு குறையும் வைக்க மாட்டான். ஆனால் வந்தவன் பேசாமல் வர வேண்டாமா? மரத்தைச் சுற்றி வட்டம் அடிப்பான். கழுத்தில் இருக்கும் சிவப்புப் பட்டை வெயிலில் தெரியும்படி ஒரு பக்கமாகச் சாய்வான். பிறகு கத்துவான்.

"வந்துட்டேன்! சிங்காரம் வந்துட்டேன்! அத்திப்பழத்தோட வந்துட்டேன்!"

வடிவு தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"ஏங்க, வர்றவரு சும்மா வரக்கூடாதா? என்ன கொண்டுவந்தீங்கங்கிறதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"சொல்லாம வந்தா வந்த மாதிரியே இல்லையே, வடிவு."

"எனக்கு வந்த மாதிரி இருக்கும். அது போதாதா?"

"உனக்குப் பட்டை இல்லை. அதனால உனக்கு இதெல்லாம் புரியாது" என்பான் சிங்காரம். பெண்கிளிகளுக்குக் கழுத்தில் பட்டை கிடையாது. யாரும் தங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற கவலையும் கிடையாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவனிடம் சொல்லிப் புரியவைக்க முடியுமா? வடிவு விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலையில் அணில் குப்பண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்தார். குளக்கரையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் நடக்காது.

"வடிவு, ரெண்டு சேதி. அக்கரையில மொட்டைப் பனை நிக்குதில்ல, அதுல பாதி உசரத்துல ஒரு பொந்து இருக்குதில்ல, அதுல உடும்பு ஒண்ணு குடிவந்திருக்கு. தூக்கத்துல எழுப்பினா கடிச்சு வெச்சிடுமாம். அந்தப் பக்கம் போயிடாதீங்க."

"சரிண்ணே. இன்னொண்ணு?"

"மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வால்காக்கை வந்திருக்கா. பேரு வேலாயி. எந்தக் கூட்டுல குஞ்சு இருக்குன்னு தேடித் தேடித் தின்னுக்கிட்டு வர்றா. இங்கதான் வந்துக்கிட்டிருக்கா."

வடிவு குஞ்சுகளைப் பொந்தின் அடிக்கு ஒதுக்கினாள். பொந்தில் இருந்து தலையை நீட்டி மரம் முழுக்கச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வால்காக்கை வர்றா. அவ போறவரைக்கும் யாரும் அசையக்கூடாது. யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஏங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு எதுக்குத் தனியாச் சொல்றே?" என்றான் சிங்காரம்.

எதுக்கா? கேட்கிற கேள்வியைப் பாருங்கள். வடிவு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேலாயி வந்தாள். செம்பழுப்பு உடம்பு, கருத்த தலை. அவள் வாலைத்தான் சொல்ல வேண்டும். உடம்பைவிட நீளமான வால். நுனியில் கறுப்பு, நடுவில் வெள்ளிபோல் ஒரு சாம்பல். கிளை கிளையாகத் தாவும்போதெல்லாம் அது எதிலும் பட்டுவிடாதபடி ஒதுக்கி ஒதுக்கித் தாவினாள்.

கரையில் இருந்த மரம் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. எல்லா மரத்துக்கு அடியிலும் பாதி கடித்துப் போட்ட அத்திப்பழம் கிடந்தது. அப்படிக் கடித்து வீணாக்குவது கிளிகள்தான் என்று அவளுக்குத் தெரியும். கிளி இருக்கிறது. எங்கே இருக்கிறது?

நாவல் மரத்துக்கும் வந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். ஒரு தடவை சிங்காரத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவள் வால் அவன் தலைக்கு மேலேயே போனது. அப்படியும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணுக்கு அங்கே எல்லாமே இலைதான். ஒரு கிளியும் அசையவில்லை. பொந்துக்குள்ளே வடிவு குஞ்சுகளின் மேல் சிறகைப் பரப்பிக்கொண்டு, இந்தக் கூட்டத்துக்கும் ஒருநாள் புத்தி வந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டாள்.

வேலாயிக்குக் கண் வலித்தது. ஆனால் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள். தாழ்வான கிளையில் போய் உட்கார்ந்தாள். யாரிடமும் பேசாததுபோல உரக்கப் பேசினாள்.

"இவ்வளவு தூரம் பறந்து வந்ததுதான் மிச்சம். கிளி இருக்கு, கிளி இருக்குன்னாங்க. ஒரு காக்கா இருக்கு, ரெண்டு மைனா இருக்கு. இந்தக் குளத்துல கிளின்னு ஒரு இனமே கிடையாது போல."

சிங்காரத்தின் கழுத்து இறகு சிலிர்த்தது. பொந்து வாசலில் இருந்து வடிவு ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்தீர்கள், அப்புறம் நடக்கிறதே வேறு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவன் அலகை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அப்படியே இருந்தாலும் என்ன பெருசா இருந்துடப் போகுது?" என்றாள் வேலாயி. "கழுத்துல சிவப்புப் பட்டையாம். எவனோ பொழுது போகாம கட்டிவிட்ட கதை. போற வழியில பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுப் போறேன். இங்க கிளி இல்லை, யாரும் வீணா வராதீங்கன்னு."

எவ்வளவு நல்ல சேதி பாருங்கள்! அவள் அப்படி நாலு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டால், அந்த மரத்துப் பக்கம் இனி எந்தத் திருடியும் எட்டிப் பார்க்க மாட்டாள். தேடினாலும் கிடைக்காத காவல் அது. வடிவுக்கு அது புரிந்தது. கூட்டத்தில் இருந்த மக்குக் கிளிகளுக்குக்கூடப் புரிந்தது.

சிங்காரத்துக்கு மட்டும் மானம் போனதுபோல இருந்தது.

"யார் சொன்னது இல்லைன்னு? இதோ இருக்கேன்! நல்லாப் பாரு!"

சரி, இவன் ஒருவனோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அவனை அடக்க வேண்டும் என்று மற்ற கிளிகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின.

"பேசாதே!"

"சும்மா இரு!"

"யாரும் சத்தம் போடாதீங்க!"

மரமே கத்துவதுபோல இருந்தது. வடிவு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இவர்களை எல்லாம் என்ன சொல்லித் திட்டுவது? திட்டுவதற்கும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பொந்து தெரிந்துவிடும்.

வேலாயி மேலே பார்த்துச் சிரித்தாள். "அட, ஒரு மூக்கு மட்டும் தெரியுது. பட்டையைக் காணோமே?"

சிங்காரம் வெளிச்சத்துக்கு வந்து கழுத்தைத் திருப்பிக் காட்டினான்.

"அடேயப்பா! ராசா, உன்னைப் போயி இல்லைன்னு சொல்லிட்டேனே. என் வாயில அடிக்கணும். இவ்வளவு அழகுக்கு வீடும் அதுக்கேத்த மாதிரி இருக்குமே. எங்க ராசா?"

"வீடா? இந்த மரத்துலதான். அந்தப் பெரிய கிளைக்குக் கீழ..."

"பாம்பு! பாம்பு!" என்று அலறிக்கொண்டே அணில் குப்பண்ணன் தண்டில் தலைகீழாக ஓடினார்.

பாம்பு ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கிளி நின்று பார்த்தது? கூட்டம் மொத்தமும் குபீரென்று கிளம்பிப் பறந்தது. சிங்காரமும் பறந்தான். வேலாயியும் ஒதுங்கிப் போனாள். போகும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மரம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வந்தா பொந்தும் தெரிஞ்சுபோகும். அவனே சொல்லிடுவான்."

அதைக் குப்பண்ணன் கேட்டுக்கொண்டார். வடிவிடம் வந்து அப்படியே சொன்னார்.

சாயங்காலம் சிங்காரம் வந்தபோது வடிவு அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? மூணு குஞ்சு உள்ள கிடக்கு. அவ அதுகளைத் தின்னத்தான் வந்திருக்கா. அவகிட்டயே வீட்டுக்கு வழி சொல்றீங்க!"

"அவ நம்மளை இல்லைன்னு சொன்னா வடிவு. அதைக் கேட்டுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"இல்லைன்னு சொன்னா இல்லாமப் போயிடுவோமா? சொல்லிட்டுப் போகட்டுமே! அவ சொல்ற அந்தப் பொய்தான் நம்ம குஞ்சுங்களுக்குக் காவலு. அதைப் போய்க் கெடுத்துட்டீங்களே!"

சிங்காரம் தலையைத் தொங்கப்போட்டான். உண்மையாகவே வருத்தப்பட்டான். வருத்தப்படுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. "இனிமே வாயைத் திறந்தா என்னைக் கேளு" என்றான். சொன்னதோடு நில்லாமல், கூட்டத்தையே கூட்டி அமைதியாக இருப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

கூட்டம் கூடியது. அமைதியாக இருக்க வேண்டும் என்று ஒரு கிளி சொன்னது. அதை அமைதியாகச் சொல்லக்கூடாதா என்று இன்னொன்று கேட்டது. நீ முதலில் அமைதியாக இரு என்று மூன்றாவது கத்தியது. யார் அதிகம் அமைதி என்பதில் சண்டை மூண்டது. குளத்தில் இருந்த தவளைகள் எல்லாம் பயந்துபோய்த் தண்ணீருக்குள் குதித்தன. குப்பண்ணன் வாலைச் சுருட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

வடிவு பொந்து வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. கடைசியில் இரண்டும் போய், ஒரு சலிப்பு மட்டும் மிஞ்சியது. இதுகளைத் திருத்த முடியாது. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்துக்கும் போக முடியாது. நாளைக்கு அவள் வருவாள், இவர் சொல்லிவிடுவார். வேறு என்ன இருக்கிறது?

அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. வேலாயி கண்ணால் தேடித் தோற்றுப்போனவள். இப்போது அவள் காதைத்தான் நம்பி வருகிறாள். சத்தம் எங்கேயோ அங்கேதான் போவாள். அப்படியானால் சத்தத்தை நிறுத்த முடியாவிட்டாலும், இடத்தை மாற்றிப் பார்க்கலாமே.

திட்டத்தைச் சிங்காரத்திடம் சொன்னால்? ஐயையோ! அத்திப்பழத்தோடு சேர்த்து அதையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவான். வடிவு குரலை மாற்றிக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லவா? இந்த இலைக்குள்ள நின்னு கத்துறீங்களே, உங்க பட்டை யாருக்குத் தெரியுது?"

சிங்காரம் நிமிர்ந்தான். "அதைத்தான் நானும் ரொம்ப நாளா நினைக்கிறேன்."

"அக்கரை மொட்டைப் பனையில ஒரு இலை உண்டா, மட்டை உண்டா? அதோட உச்சியில நின்னா காலை வெயிலு நேரா உங்க கழுத்துல விழும். நாளையிலிருந்து அங்க போய் நின்னுக்கிட்டு எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க. இங்க மட்டும் வேண்டாம்."

"அதுல உடும்பு இருக்கே?"

"அது பாதி மரத்துல கிடக்கு. வெயில் ஏறுறவரைக்கும் தூங்கும். நீங்க உச்சியில நில்லுங்க. அந்த வால்காக்கை வந்தா வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதை மட்டும் எனக்காகச் செய்ங்க."

"நான் என்ன பைத்தியமா?" என்றான் சிங்காரம்.



மறுநாள் விடிந்ததும் மொட்டைப் பனை உச்சியில் சிங்காரம் நின்றான். மஞ்சள் வெயில் அவன் கழுத்தில் விழுந்தது. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். "இருக்கேன்! சிங்காரம் இங்க இருக்கேன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் குளம் முழுக்க விழித்துக்கொண்டது.

நாவல் மரத்தை நோக்கி வந்துகொண்டிருந்த வேலாயி பாதி வழியில் திரும்பினாள். நேரே பனைக்குப் போனாள். பொந்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த வடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தண்ணீருக்கு மேலே பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ராசா, இன்னைக்கு இங்கயா?" என்றாள் வேலாயி. பனையின் பாதி உயரத்தில் இருந்த பொந்தைப் பார்த்துவிட்டாள். "ஓகோ, இதுதான் உன் அரண்மனையா? நேத்து அந்த மரத்துலன்னு சொன்னியே. என்னை ஏமாத்திட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதுவும் சொல்லாமல் இருந்தால்கூடப் போதும். ஆனால் உடும்பு கிடக்கிற ஓட்டையைப் போய்த் தன் வீடு என்று ஒருத்தி சொல்வதைச் சிங்காரத்தால் தாங்க முடியவில்லை.

"இதா? இது சும்மா நான் நின்னு காத்து வாங்குற இடம். என் வீட்டைப் பார்த்தா நீ அசந்துபோயிடுவே. நேத்து நான் சொன்னது பொய் இல்லை. அது எங்கேன்னா..."

சொல்லிக்கொண்டே அவன் கழுத்து நாவல் மரத்துப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

என்ன ஜென்மம் இது என்று வடிவு பல்லைக் கடித்திருப்பாள், கிளிக்குப் பல் இருந்தால். "குப்பண்ணே, வாசல்ல உட்காருங்க" என்று பக்கத்துக் கிளையில் இருந்த அணிலிடம் கிசுகிசுத்துவிட்டு வெளியே பாய்ந்தாள். நேராகப் பறக்கவில்லை. நேராகப் பறந்தால் எந்த மரத்தில் இருந்து வந்தாள் என்று தெரிந்துவிடும். நாணல் நுனி வயிற்றில் உரசும்படி தாழப் பறந்தாள். குளத்தைச் சுற்றிக்கொண்டு பனைக்குப் பின்பக்கமாக வந்தாள். நல்லவேளை, சிங்காரம் இன்னும் வீட்டின் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தான், வழிக்கு வரவில்லை. பொந்துக்குப் பக்கத்தில் சடாரென்று மேலே எழும்பினாள்.

அதுவரை வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சத்தம் போடாதவள், அடிவயிற்றில் இருந்து கத்தினாள்.

"ஏய் வால்காக்கை! இங்க என் குஞ்சுங்க இல்லை! அந்தப் பொந்துல உடும்புதான் இருக்கு! எட்டிப் பார்க்காதே!"

சிங்காரம் உறைந்துபோனான். அவன் மனைவிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே தெரியாது. வழி சொல்ல வந்ததை மறந்துவிட்டு அவனும் கத்தினான்.

"ஆமா, நெசமாத்தான்! உள்ள உடும்பு இருக்கு! கடிச்சுடும்!"

இரண்டு பேரும் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் வேலாயி ஆயுள் முழுக்க ஏமாற்றிப் பிழைத்தவள். உண்மை எதிரே வந்து நின்றாலும் அவளுக்கு அடையாளம் தெரியுமா?

"ஒண்ணுமே இல்லாத பொந்துக்கா இவ்வளவு பதறுறீங்க?" என்று சிரித்தாள். "உடும்பாம். யார்கிட்டக் கதை விடுறீங்க?"

வடிவு சிங்காரத்தின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். வேலாயி பொந்து விளிம்பில் உட்கார்ந்து தலையை உள்ளே விட்டாள். உள்ளே ஒரே இருட்டு. இருட்டில் இரண்டு சின்னக் கண். பிறகு ஒரு நாக்கு நீண்டு அவள் முகத்தைத் தடவிப் பார்த்தது.

வீலென்று அலறிக்கொண்டு வேலாயி திரும்பினாள். உடம்பு திரும்பிவிட்டது. வால் திரும்புவதற்குள் உடும்பு வாயை மூடிவிட்டது. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தாள். வால் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. காற்றில் நேராகப் பறக்கத் தெரியாமல் அப்படியும் இப்படியும் ஆடி, எங்கோ ஒரு புதருக்குள் போய் விழுந்தாள்.

உடும்பு வாயில் இருந்ததைத் துப்பியது. "எல்லாம் இறகு. தூக்கமும் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனது.

வடிவு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நாவல் மரத்துக்குப் பறந்தாள். குஞ்சுகள் மூன்றும் பத்திரமாக இருந்தன. குப்பண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே சிங்காரம் வந்தான். வந்தவன் வட்டம் அடித்தான்.

"வந்துட்டேன்! வால்காக்கையை விரட்டிட்டு வந்துட்டேன்! பார்த்தியா வடிவு, அவளை எப்படிப் பனைக்கு வரவழைச்சேன்?"

வடிவு அவனை மேலும் கீழும் பார்த்தாள். குஞ்சுகளுக்குப் பழம் ஊட்டத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் குஞ்சுகளுக்குப் பச்சை இறகு முளைத்தது. பொந்தை விட்டு வெளியே வரவேண்டிய நாள் நெருங்கியது. வடிவுக்குத் திரும்பவும் கவலை பிடித்துக்கொண்டது. முதல் நாள் பறக்கிற குஞ்சு கிளையில் நிற்காது. எங்காவது புதரில்தான் போய் விழும். வேலாயி எந்தப் புதரில் இருக்கிறாள்? அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. வால் முளைக்கிறவரை வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு எங்கோ பதுங்கியிருக்கிறாள். கோபத்தோடும் இருப்பாள். குளத்தைச் சுற்றி எத்தனையோ புதர்கள். ஒவ்வொன்றாகப் போய் எட்டிப் பார்க்க முடியுமா?

வடிவு யோசித்தாள். வேலாயியிடமே கற்றுக்கொண்ட ஒன்று அவளுக்கு நினைவுக்கு வந்தது.

குளக்கரையில் ஒரு கிளையில் வந்து உட்கார்ந்தாள். எதிர்க் கிளையில் இருந்த அணிலிடம் உரக்கக் கேட்டாள்.

"குப்பண்ணே, வால்காக்கைன்னு ஒரு பறவை உண்டுன்னு சொல்றாங்களே. நீங்க பார்த்திருக்கீங்களா?"

குப்பண்ணன் கெட்டிக்காரர். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குளத்துல நான் பார்த்ததே இல்லை, வடிவு."

"உடம்பைவிட நீளமான வாலாம். வெள்ளி மாதிரி மின்னுமாம்."

"எவனோ பொழுது போகாம கட்டிவிட்ட கதையா இருக்கும்."

தாழம்புதர் லேசாக அசைந்தது. பிறகு அசையவில்லை. வடிவு காத்திருந்தாள்.

"சரிண்ணே. போற வர்றவங்க கேட்டா அப்படியே சொல்லிடுவோம். வால்காக்கைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு."

"யார் சொன்னது இல்லைன்னு!" என்று தாழம்புதருக்குள் இருந்து ஒரு அலறல் வந்தது. "இதோ இருக்கேன்! வேலாயி இங்க இருக்கேன்!"

சொன்னதோடு நிற்காமல் வெளியே வந்தும் காட்டினாள். பின்பக்கம் வெறும் மொட்டையாக இருந்தது. காக்கா பார்த்தது, மைனா பார்த்தது, தவளைகூடத் தண்ணீரில் இருந்து தலையை நீட்டிப் பார்த்தது. குளக்கரையே சிரித்தது. வேலாயிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. மலையைப் பார்த்துத் தத்தளித்துப் பறந்தாள். அவள் கண்ணுக்கு மறைகிறவரை வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பொந்துக்குப் போய்க் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே அழைத்தாள்.

சிங்காரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இப்படியும் ஒரு மடச்சி உண்டா, வடிவு? இல்லைன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்னு கிடக்க வேண்டியதுதானே? ஒளிஞ்சிருக்கிற இடத்துல இருந்து எவளாவது இருக்கேன்னு கத்துவாளா?"

வடிவு அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிங்காரத்தின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் அவன் அத்திப்பழத்தோடு வந்தபோது வட்டம் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. பேசாமல் வந்து பழத்தைக் கொடுத்தான். மூத்த குஞ்சுதான் அப்பனைப் பார்த்ததும் கிளை உச்சிக்குத் தத்திப் போய், "வந்துட்டாரு! எங்கப்பா வந்துட்டாரு!" என்று குளம் அதிரக் கத்தியது.

இல்லை என்று யாரோ சொன்னதற்காக இருக்கிறேன் என்று கத்திக் காட்டத் துடிக்கிறவர், தம் வீட்டுக்கு வரும் வழியை எதிரிக்குத் தாமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்.